முட்டை ஓடு சொன்னதும் சொல்லாததும்

டெரெக் ராட்கிளிஃப் 1967-ல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை மொத்தமே மூணு பக்கம். சில வேட்டைப் பறவைகளின் முட்டை ஓடு எடை குறைந்துபோனதைப் பற்றியது. சுற்றுச்சூழல் பற்றிப் பேசுகிற எல்லோரும் இதை ஒரு வரியில் சுருக்கிவிடுகிறார்கள்: "டிடிடி ஓட்டை மெலிதாக்கியது, பெரிகிரின் வல்லூறு அழிந்தது." கட்டுரை அருமையானது. அந்த ஒரு வரியில்தான் எனக்குச் சண்டை.

முதலில் கட்டுரையின் பலம். புறா வளர்ப்பவர்கள் "வல்லூறு பெருகிடுச்சு, எங்க பந்தயப் புறாவைத் தின்னுது" என்று புகார் செய்ய, 1961-ல் பிரிட்டனில் கணக்கெடுப்பு தொடங்கியது. பார்த்தால் நிலைமை தலைகீழ். 1963 வாக்கில் போருக்கு முன்பிருந்ததில் சுமார் 44 சதவீதம்தான் மிச்சம். கூடுகளில் உடைந்த முட்டைகள் வேறு. ராட்கிளிஃப் பழைய முட்டைச் சேகரிப்புகளைத் தேடிப் போனார். ஓட்டின் எடையை நீள அகலப் பெருக்கலால் வகுத்து ஒரு குறியீடு. ஒரு முட்டையைக்கூட உடைக்க வேண்டியதில்லை. பல பத்தாண்டுகளாக மாறாத அந்த எண், 1947 வாக்கில் சட்டென்று இறங்குகிறது. பெரிகிரினுக்குச் சராசரியாக 19 சதவீதம் குறைவு. டிடிடி பொதுப் பயன்பாட்டுக்கு வந்ததும் அதே சமயம்தான். யாரோ பொழுதுபோக்காகச் சேர்த்து வைத்த முட்டைகள், பின்னாளில் யாருமே திட்டமிடாத ஒரு லாக் ஃபைலாக மாறிவிட்டன.

சரி, இப்போ தேதிகளைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஓடு மெலிந்தது 1947-ல். ஆனா பறவைகள் வேகமாகக் குறையத் தொடங்கியது 1950-களின் நடுவில். போர்க்காலத்தில் தூதுப் புறாக்களைக் காப்பாற்ற அரசே சுட்டுத் தள்ளியதிலிருந்து பெரிகிரின்கள் மீண்டு வந்ததும், ஓடு மெலிந்திருந்த அந்த இடைப்பட்ட வருஷங்களில்தான். அப்படின்னா நடுவுல வேற ஏதோ நடந்திருக்கணும் இல்லையா?

நடந்தது. 1956-லிருந்து ஆல்ட்ரின், டீல்ட்ரின், ஹெப்டாக்ளோர் மூன்றையும் விதை நேர்த்திக்குப் பயன்படுத்தினார்கள். இவை டிடிடியைவிடப் பறவைகளுக்குப் பல மடங்கு கொடிய நஞ்சு. விதையைத் தின்ற புறா செத்தது, புறாவைத் தின்ற வளர்ந்த வல்லூறும் செத்தது. 1962-ல் வசந்தகால விதைப்புக்கு இவற்றைத் தவிர்க்க உடன்பாடு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சரிவு நின்று, மெல்ல மீட்சியும் தொடங்கியது. டிடிடி பிரிட்டனில் முழுசாக நின்றது 1980-களில்தான்!

இதனால் டிடிடி நிரபராதி ஆகிவிடாது. அதன் சிதைபொருளான டிடிஈ ஓட்டை மெலிதாக்கும் என்பது, வளர்ப்பில் இருந்த அமெரிக்க கெஸ்ட்ரல்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த சோதனையிலேயே உறுதியானது. மெலிந்த ஓடு குஞ்சுகளைக் குறைக்கிறது. செத்த பெரியவற்றின் இடத்தை நிரப்ப ஆள் இல்லாமல் போகிறது. வட அமெரிக்காவில் டிடிஈ-யின் பங்கு இன்னும் பெரிது என்பதே பரவலான கருத்து. ஆனா ரெண்டு பக் ஒரே நேரத்துல ஓடிட்டிருக்கும்போது, ஒரே லாக்கைப் பார்த்து ரெண்டுக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஓட்டின் எடை முட்டையைப் பற்றிச் சொல்லும்; செத்துப்போன தாயைப் பற்றிச் சொல்லாது.

இது வெறும் நுணுக்கச் சண்டை இல்லை. "ஓடு மெலிஞ்சப்ப பறவை குறையலையே, அப்போ டிடிடி மேல பழி போட்டது பொய்" என்று வாதிடுகிறவர்களுக்கு நம்முடைய ஒற்றை வரிக் கதைதான் கைப்பிடி. கதையை முழுசாகச் சொன்னால் அந்த வாதம் நிற்காது. இன்னொன்று: ஒரே வில்லன் என்று நம்பினால், ஒன்றைத் தடை செய்துவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவோம். பிரிட்டனில் டிடிடியை மட்டும் நிறுத்தி, டீல்ட்ரினை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அந்த மூணு பக்கத்தைத் தேடிப் படியுங்க. படிக்கும்போது 1947 பக்கத்துல 1956-ஐயும் பென்சிலால் எழுதி வெச்சுக்கங்க.