அர்வி கலப்பு மொழியா?

அரபுத்தமிழ் எனப்படும் அர்வியைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் ‘அரபும் தமிழும் கலந்து பிறந்த மொழி’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தைக்கா சுஐபு ஆலிமின் 1993ஆம் ஆண்டு ஆய்வுநூலும் அதைத் தனி மொழியாகவே நடத்துகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பு பெரிது. அந்த மரியாதையோடுதான் மறுக்கிறேன்.

காரைக்காலில் நண்பன் வீட்டில் அட்டை கிழிந்த அர்வி நூல் ஒன்று இருந்தது. எனக்கு அரபு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அவனுடைய உம்மம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வலமிருந்து இடமாக விரலை ஓட்டி வாசித்தார். பாதிக்கு மேல் புரிந்தது! புரியாமல் போனவை பெரும்பாலும் பெயர்ச்சொற்கள். வேற்றுமை உருபு தமிழ், வினைமுற்று தமிழ். “இது வேற பாஷையாம்மா?” என்றேன். “தமிழ்தானே தம்பி, எழுத்துதான் வேற” என்றார்.

எழுத்துதானே என்று தள்ளிவிடவும் முடியாது. அரபியில் ப, ட, ள, ழ கிடையாது. எ, ஒ கிடையாது. இருக்கிற எழுத்துகளுக்குப் புள்ளியும் குறியும் கூட்டித்தான் தமிழை அதில் உட்கார வைத்தார்கள். அரபுச் சொல்லை அதன் அசல் எழுத்திலேயே எழுதலாம் என்பது லாபம். தமிழில் எழுதினால் ஸீன், ஸாத் இரண்டும் ஒரே ‘ஸ’ ஆகிவிடும். ஆனால் வாய் தமிழ் வாய்தான்: ரமளான், ஒளு என்று ‘ள’ வந்து நிற்பதைக் கவனியுங்கள். வணக்கத்தின் நடுச்சொற்களே தொழுகை, நோன்பு!

உண்மையான கலப்பு மொழிக்குக் கனடாவின் மிச்சிஃபைப் பார்க்கலாம். வினை கிரீ மொழியிலிருந்து, பெயர் பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து, ஒவ்வொன்றும் தன் இலக்கணத்தோடு. அதே பிரெஞ்சு 1739இல் காரைக்காலுக்கும் வந்தது. 1954 வரை, நடுவில் ஆங்கிலேயர் பிடித்திருந்த காலம் போக, ஆண்டது. ‘கொம்யூன்ல போய்க் கேளு’ என்கிறோம். அதைப் பிரெஞ்சுத்தமிழ் என்று யாரும் பெயரிடவில்லையே.

பெயர் வைப்பதில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். வேற்று மொழி என்றதும் தமிழ் இலக்கிய வரலாறு எழுதுகிறவர் கைகழுவிவிடுகிறார். அரபு படித்தவருக்கோ இது அரபு அல்ல. நூல் பரணில் கிடக்கிறது.

நண்பனுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். இந்தக் கூடுதல் புள்ளிகளில் தடுக்கி நிற்கிறான். அவன் எழுத்துக்கூட்ட, நான் சொல் பிரிக்க, தப்பினால் உம்மம்மா திருத்த, இதுவரை நாலு பக்கம் ஆகியிருக்கிறது.