பல்லவிக்குத் திரும்பாத பாட்டுகள்

1998 நவம்பரில் அலானிஸ் மோரிசெட்டின் புது ஆல்பம் வந்தபோது, என் மகள் கரோல்பாக்கில் கேசட் வாங்கி வந்தாள். இரண்டே நாளில் அலமாரியில் போட்டுவிட்டாள். "பழைய மாதிரி இல்லப்பா" என்றாள். கடைக்காரரும் "பெஹ்லே வாலி பாத் நஹீ" என்றாராம். பல வருஷம் கழித்து அதைத் தூசி தட்டி எடுத்துக் கேட்டவன் நான்தான். கம்பனும் சிலம்பும் அலசப்படும் மலரில் இந்தக் கனடாக்காரிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1995-இல் வந்த 'ஜாக்டு லிட்டில் பில்' உலகமெங்கும் 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதற்கு ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தபோது அலானிஸுக்கு வயது 21. ஏமாற்றப்பட்ட பெண்ணின் ஆத்திரத்தை அப்படியே தொண்டையில் கொண்டுவந்த குரல் அது. அடுத்தது 'சப்போஸ்டு ஃபார்மர் இன்ஃபாச்சுவேஷன் ஜங்கி'. அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 4 லட்சத்து 69 ஆயிரம் பிரதிகள் போயின. அதுவரை எந்தப் பாடகிக்கும் முதல் வாரத்தில் அப்படி விற்றதில்லை. பிறகு வேகம் குறைந்து, அங்கே 30 லட்சப் பிரதிகளுக்கான சான்றிதழோடு நின்றது. முந்தையதற்கு 1 கோடியே 60 லட்சம். உடனே "சறுக்கல்" என்று எழுதிவிட்டார்கள். வேறு யாராவது 30 லட்சம் விற்றிருந்தால் விழா எடுத்திருப்பார்கள்! பத்தாவதில் 95 வாங்கிய பிள்ளை பன்னிரண்டாவதில் 88 வாங்கினால் நம் வீடுகளில் நடப்பதுதான் இதுவும்.

ஆனால் விற்பனை ஏன் குறைந்தது என்பதற்குப் பதில் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. முந்தைய ஆல்பத்தில் கூட்டம் சேர்ந்து கத்துவதற்கு வாகான பல்லவிகள் உண்டு. இதில் அந்தச் சுகத்தை அவர் பல இடங்களில் மறுத்துவிடுகிறார். 'அன்செண்ட்' என்பது பழைய காதலர்களுக்கு எழுதி அனுப்பாமல் வைத்த கடிதங்கள். ஒவ்வொன்றும் பெயர் சொல்லித் தொடங்குகிறது. பல்லவியே கிடையாது. யார் மேலும் பழி போடாமல், தன் பங்குத் தப்பையும் ஒப்புக்கொண்டு நகர்கிறது. அதைத் தனிப்பாட்டாகவும் வெளியிட்டார்கள்! கோபத்துக்குக் கைதட்டியவர்கள் நிதானத்துக்கும் தட்டுவார்கள் என்று நம்பினார்களோ என்னவோ.

நமக்கு நெருக்கமான சங்கதி ஒன்று உண்டு. பெரும் வெற்றிக்குப் பின் களைத்துப்போய் அவர் இந்தியாவுக்கு வந்து சுற்றிவிட்டுப் போனார். 'தேங்க் யூ' பாட்டில் நன்றிப் பட்டியலின் தலையிலேயே இந்தியா வருகிறது. வெள்ளைக்காரர்கள் நம் ஊரை மருந்துக்கடையாக நினைத்து வருவது எனக்கு என்றும் எரிச்சல்தான். இவரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடத்தான் இருந்தேன். ஆனால் அதே ஆல்பத்தில் 'பாபா' என்ற பாட்டு, குருவின் காலடியில் யார் பெரிய பக்தர் என்று போட்டி போடும் கூட்டத்தைக் கிழி கிழியென்று கிழிக்கிறது. அதைக் கேட்ட பிறகு அந்த நன்றியை நம்ப முடிந்தது.

குறை இல்லாமல் இல்லை. 17 பாட்டு, 71 நிமிஷம். நாலைந்தை வெட்டியிருக்கலாம். வார்த்தைகள் மெட்டுக்குள் அடங்காமல் வழிகிற இடங்களில் பேச்சா பாட்டா என்றே புரிவதில்லை.

இன்னொன்று. கனடாவில் சின்ன வயசில் நடனப் பாட்டு பாடிக்கொண்டிருந்தபோதும் அவருக்கு இதே அனுபவம் நேர்ந்தது. முதல் ஆல்பம் நன்றாகப் போய், 1992-இல் வந்த இரண்டாவது குறைவாக விற்று, கம்பெனி இல்லாமல் நின்றார். இறங்குமுகம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்தான் 1998-இல் இந்த வழியை எடுத்திருக்கிறார். 'தட் ஐ வுட் பி குட்' பாட்டில், பணமோ உடம்பின் அழகோ எது போனாலும் தன் மதிப்பு குறையக் கூடாது என்ற ஒரே விருப்பத்தை அடுக்கிக்கொண்டே போகிறார். கடைசியில் பேச்சை நிறுத்திவிட்டு அவரே புல்லாங்குழல் வாசிக்கிறார்.

கேசட் வாங்கிய அந்த வருஷம் என் மகள் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். ரிசல்ட் வந்த அன்று நான் அவளிடம் சொன்ன வார்த்தைகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. போன தீபாவளிக்கு வந்தவளிடம் இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். குழல் முடியும்வரை ரெண்டு பேரும் பேசவில்லை.