தூண் எங்கே போச்சு?

செட்டிநாட்டுக்கு 'ஒன் டே டூர்' கிளம்பும் குடும்பங்களுக்கென்று ஒரு ரெடிமேட் பட்டியல் இருக்கிறது. காலையில் காரைக்குடியில், 1941-இல் கட்டிய ஆயிரம் ஜன்னல் வீட்டு வாசலில் ஒரு போட்டோ. கானாடுகாத்தான் அரண்மனை வாசலில் இன்னொரு போட்டோ. ஆத்தங்குடி பெரிய வீட்டில் கட்டணம் கட்டி உள்ளே போய், 'இங்கேதானே அந்தப் படம் எடுத்தாங்க?' என்று ஒரு விசாரணை. மத்தியானம் வாழை இலைச் சாப்பாடு. சாயங்காலம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருட்கள் ஷாப்பிங். அவ்வளவுதான், வண்டி ஊருக்குத் திரும்பிவிடும்.

தப்பில்லை. ஆனால் இந்தப் பட்டியலில் வீடு இருக்கிறது; ஊர் இல்லை. என் புகார் அதுதான்.

சுற்றிக் காட்டுபவர்கள் சொல்வதைக் கேளுங்கள். பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு... எல்லாமே செலவுக் கணக்கு. பி.காம். படித்த எனக்கே அலுத்துப்போகிறது! எவ்வளவு செலவழித்தார்கள் என்று சொல்கிறார்களே தவிர, ஏன் இப்படிக் கட்டினார்கள் என்று சொல்வதில்லை.

காரை ஓரமாக நிறுத்திவிட்டு, கானாடுகாத்தான் தெருக்களில் அரை மணி நேரம் நடந்து பாருங்க. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேரான தெருக்கள். வீட்டு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். இது தண்ணீருக்குத் தவிக்கிற பூமி. அதனால் ஓட்டில் விழும் மழை முற்றத்தில் இறங்கி, வடிகால் வழியாகத் தெருவுக்கு வந்து, ஊருணியில் சேரும்படி திட்டம் போட்டுக் கட்டினார்கள். நாம் 2003-இல் அரசாங்கம் சட்டம் போட்டு மிரட்டிய பிறகுதானே மொட்டை மாடியில் மழைநீர்க் குழாய் வைத்தோம்?

யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் இடம்பிடித்ததும் தனி மாளிகை எதுவும் இல்லை. தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுப்பு என்றுதான் சேர்த்தார்கள். அதாவது, ஊர்தான் சொத்து.

அந்தச் சொத்துதான் லாரியில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது. 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் பல குடும்பங்களின் வருமானம் அறுந்துபோனது. வீடோ பங்காளிகள் அத்தனை பேருக்கும் பொது. ஒருத்தர் சென்னையில், ஒருத்தர் சிங்கப்பூரில். கல்யாணம், படைப்பு என்றால்தான் கதவே திறக்கும். ஒழுகுகிற ஓட்டை யார் காசில் மாற்றுவது? சிலர் கடன்பட்டாவது காப்பாற்றுகிறார்கள். சிலர் ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். முடியாதவர்கள் பிரித்து விற்கிறார்கள். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நீங்கள் தடவிப் பார்க்கிற தூணும் நிலைக்கதவும் அப்படி வந்தவைதான்.

விற்றவரைத் திட்டுவது சுலபம். வாங்குவது யார் சார்? சென்னையிலும் பெங்களூரிலும் புது வீட்டு ஹாலில் 'ஆன்டிக் லுக்' கேட்கிற நாம்தானே? தூண் எங்கே போனாலும் தூணாக நிற்கும். ஆனால் இடிந்துபோன வீட்டு முற்றம் இனி ஊருணிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அனுப்பாது.

வெறுங்கையோடு திரும்பச் சொல்லவில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமென்ட்டை ஊற்றி இன்றைக்கும் கையாலேயே செய்கிற ஆத்தங்குடிக் கல்லை வாங்குங்க. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை வாங்குங்க. அந்தக் காசு அந்த ஊரில் வேலை செய்கிறவர்களுக்குப் போகும். எந்த வீடும் இடியாது.

அப்படியும் பழைய கதவு ஒன்றின்மேல் ஆசை வந்துவிட்டால், விலை பேசுவதற்கு முன்னால், இது எந்த ஊர், எந்தத் தெரு, அந்த வீடு இன்னும் நிற்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்க. பக்கத்தில் உங்கள் பிள்ளைகளும் நிற்கட்டும். பதிலைக் கேட்ட பிறகு வாங்குவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.