இறுக்கம் வேறு, துல்லியம் வேறு

கைத்துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் லேசாக ஆட்டிப் பார்ப்பதும், கடகடத்தால் மட்டம் என்றும் கல்லாக இறுகி நின்றால் உசத்தி என்றும் தீர்ப்பளிப்பதும் வழக்கமாகிவிட்டது. இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்புவதால் வருகிறது. பெரியகுளத்து லேத் பட்டறையில் கிணற்று மோட்டாருக்குப் புஷ் கடைபவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே எண்ணெய் நிற்க இடம் விடாவிட்டால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். விடுகிற இடம் ஒரு மோட்டாரில் ஒரு மாதிரி, அடுத்ததில் வேறு மாதிரி என்றால் பட்டறையின் பெயர் கெடும். முதலாவது கிளியரன்ஸ், தெரிந்தே விடும் இடைவெளி. இரண்டாவது டாலரன்ஸ், குறித்த அளவிலிருந்து எவ்வளவு பிசகலாம் என்ற வரம்பு. நல்ல துப்பாக்கியில் இடைவெளி தாராளமாகவே இருக்கலாம். பிசகு மட்டும், உயிரான இடங்களில், குறைவாக இருக்க வேண்டும்.

நம் நாட்டில் உரிமம் பெற்றவர் பலரிடமும் இருப்பது கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர். பழைய வெப்லி மாதிரியை ஒட்டி, நடுவில் கீல் வைத்து மடக்கித் திறக்கும் அமைப்பு. இதன் உயிரான இடம் சிலிண்டரின் முகப்புக்கும் குழலின் பின்முனைக்கும் இடையிலுள்ள சந்து. ரிவால்வர்களில் பொதுவாக இது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் இரண்டு பங்கு வரை இருக்கும். அதைவிடக் குறைந்தால் சுடச் சுடக் கரி படிந்து சிலிண்டர் சுழலத் திணறும். கூடினால் வாயுவும் ஈயத்துணுக்கும் பக்கவாட்டில் சிதறி, குண்டின் வேகமும் குறையும். மடக்கும் அமைப்பில் கீல் ஊசியும் மேல் கொக்கியும் தேயத் தேய இந்தச் சந்தும் அகலும். ஆகவே கீலில் தெரியும் ஆட்டம் உண்மையான குறை. அதை மன்னிக்கக் கூடாது. சந்தே வேண்டாம் என்று முயன்றவர்களும் உண்டு. 1895ஆம் ஆண்டின் ருஷ்ய நாகன் ரிவால்வர், சுடுவதற்குச் சற்று முன் சிலிண்டரை முன்னே தள்ளிக் குழலோடு பொருத்துகிறது. அதற்குக் கொடுத்த விலை கூடுதல் பாகங்களும், விரலை நோகடிக்கும் கனத்த விசையும்.

இடைவெளி வேறு, பிசகு வேறு என்பதற்கு பிரௌனிங் வடிவமைத்த அமெரிக்க 1911 பிஸ்டல் இன்னும் தெளிவான சான்று. 1911ஆம் ஆண்டுச் சோதனையில் 6,000 தோட்டாக்களைப் பழுதில்லாமல் சுட்டது. இரண்டாம் உலகப் போரில் தட்டச்சுப்பொறி செய்துவந்த ரெமிங்டன் ராண்ட் இதைப் பெருமளவில் தயாரித்தது. தையல் இயந்திரத்துக்குப் பேர்போன சிங்கர் 500 பிஸ்டல்கள் செய்து கொடுத்தது. ஒரு நிறுவனத்தின் பாகம் இன்னொன்றின் பிஸ்டலில் அரம் படாமல் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் நிபந்தனை. ஆட்டினால் சத்தம் போடும் அந்தப் பிஸ்டல்களை ‘ஏனோதானோ வேலை’ என்று தள்ளுவது அநியாயம். பல ஊர்களில் செய்த பாகங்கள் மாறிப் பொருந்துவதற்குக் கேஜ் வைத்து ஒவ்வொன்றையும் சோதித்த ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கை நான் பெரிதாக மதிக்கிறேன்.

செலவு எங்கே ஏறுகிறது? துளையை ட்ரில்லோடு விட்டால் மலிவு. ரீமர் போட்டால் ஒரு வேலை கூடும். சில மைக்ரானுக்குள் நிறுத்த வேண்டுமென்றால் ஹோனிங் என்ற நுண் தேய்ப்பு, தேர்ந்த கை, கழித்துப்போடும் பாகங்கள் என்று பணம் கரையும். சி.என்.சி. வந்தபின் துல்லியம் இலவசம் என்பார்கள். இயந்திரம் கைவேலையைக் குறைத்தது உண்மைதான். ஆனால் வெட்டுளி தேய்வதையும், வெப்பப் பதத்தில் எஃகு கோணுவதையும், அளந்து பார்க்க ஆகும் நேரத்தையும் அது ஒழிக்கவில்லை. விலை கூடியதெல்லாம் துல்லியத்துக்காக அல்ல என்பதற்கு 2014இல் பெண்களுக்கென்று வந்த ‘நிர்பீக்’ ரிவால்வர் உதாரணம். அப்போது விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். எடை அரைக் கிலோ. கடைவதற்கு முரண்டு பிடிக்கும் டைட்டானியக் கலவையில் அதைச் செய்தார்கள். அங்கே பணம் வாங்கித் தந்தது லேசான எடையை.

போட்டிப் பிஸ்டல்களைக் கையால் இழைத்து இறுக்கமாகப் பொருத்துகிறார்களே என்று கேட்கலாம். நியாயம்தான்: 50 மீட்டர் இலக்கில் அந்த இறுக்கம் பலன் தரும், துடைத்துப் பேணும் வீரரிடம் தாக்குப்பிடிக்கும். தற்காப்புக்குரிய சில மீட்டர் தூரத்தில் அந்தப் பலன் கண்ணுக்குத் தெரியாது. தூசியும் கரியும் அடைக்கும் அபாயம் மட்டும் மிஞ்சும். மறுபக்கம், ஏ.கே.47 லொடலொடத்தாலும் சுடுகிறதே, துல்லியம் எதற்கு என்பவர்களும் இருக்கிறார்கள். அதில் தாராளம் நகரும் பாகங்களைச் சுற்றித்தான். தோட்டாவைத் தாங்கிப் பூட்டும் இடத்தில் அளவு கறார். தகட்டை அழுத்திச் செய்த அதன் தொடக்க கால உடற்பகுதிகள் ஏராளமாகக் கழிந்துபோனதால், சோவியத் ஆலைகள் செலவு கூடினாலும் பரவாயில்லை என்று சில ஆண்டுகள் கட்டியிலிருந்து கடைந்தெடுக்கும் முறைக்குப் போக நேர்ந்தது.

எனவே ரிவால்வர் வாங்குகிறவர்கள் ஆட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஆறு அறைகளையும் ஒவ்வொன்றாகக் குழலுக்கு நேரே நிறுத்தி, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டால் சந்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். ஆறிலும் அளவு மேலே சொன்ன வரம்புக்குள், ஒன்றாக வந்தால் மட்டும் பணத்தைக் கட்டுங்கள்.