பூஜ்ஜியம் என்று யார் சொன்னது?

பவர்ஷெல்லைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் அதன் நீளமான கமாண்ட் பெயர்களைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. என் புகார் வேறு. நாம் கொடுக்காத ஒன்றை, கொடுத்த மாதிரியே அது எடுத்துக்கொள்கிறது.

சொந்தக் கதையையே சொல்கிறேன். பழைய லாக் ஃபைல்களை அழிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். இரண்டே பேராமீட்டர்: எந்த ஃபோல்டர், எத்தனை நாளுக்கு முந்தைய ஃபைல்கள். முதலாவது ஸ்ட்ரிங், இரண்டாவது இன்ட். பல மாதம் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் டாஸ்க் ஷெட்யூலரில் அந்த வரியைத் திருத்தும்போது நாள் கணக்கை விட்டுவிட்டேன். ஸ்கிரிப்ட் முனகக்கூட இல்லை. மதிப்பு வராத இன்ட் அதன் கணக்கில் 0. "0 நாளுக்கு முந்தையது" என்றால் அந்த நொடி வரை எழுதப்பட்ட எல்லாமே! மறுநாள் காலையில் ஃபோல்டர் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் பைத்தானில் டிஃபால்ட் இல்லாத ஒரு பேராமீட்டரை விட்டுவிட்டு ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பாருங்கள், அங்கேயே டைப்எரர் வந்து நின்றுவிடும். பாஷில் வெறுமைதான் வரும். ஆனால் பாஷ் டைப் பற்றிப் பேசுவதே இல்லை. பவர்ஷெல் டைப் போட இடம் கொடுத்துவிட்டு, அந்த டைப்பை வைத்தே இல்லாத மதிப்பை உண்டாக்குகிறது. ஸ்ட்ரிங் என்றால் வெற்று ஸ்ட்ரிங், பூல் என்றால் ஃபால்ஸ்.

இன்னொன்று இதைவிட மோசம். சாதாரண ஃபங்ஷனில் ஸ்விட்ச் பெயரைத் தப்பாக அடித்தால் பிழை வராது. அந்தச் சொல் சத்தமில்லாமல் ஆர்க்ஸ் என்ற அரேயில் போய் உட்கார்ந்துகொள்ளும். "அழிக்காதே, காட்டு மட்டும்" என்பதற்காக நீங்கள் வைத்த ஸ்விட்ச்சில் ஓர் எழுத்து மாறினால், நிஜமாகவே அழித்துவிடும்.

அடைப்புக்குறியும் கமாவும் போட்டு, சி ஷார்ப் பழக்கத்தில் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் அது வேறு கூத்து. இரண்டு மதிப்பும் ஒரே அரேயாகி முதல் பேராமீட்டருக்குப் போய்விடும். இரண்டாவது காலி.

இவ்வளவுக்கும் மருந்து பவர்ஷெல்லிலேயே இருக்கிறது, அதுதான் ஆதங்கம். மேண்டேட்டரி என்று குறித்தால் மதிப்பில்லாமல் ஓடாது, வெற்று ஸ்ட்ரிங்கையும் ஏற்காது. கமாண்ட்லெட்பைண்டிங் போட்டால் தெரியாத பேராமீட்டர் பெயருக்குப் பிழை வரும். "பயனர் பெயர் கொடு, இல்லையென்றால் ஐடி கொடு, இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதே" என்பதை ஒரு இஃப் கூட எழுதாமல் பேராமீட்டர் செட்டிலேயே சொல்லிவிடலாம். 0 என்பது பயனர் கொடுத்ததா, தானாக வந்ததா என்று பிஎஸ்பவுண்ட்பேராமீட்டர்ஸில் பார்க்கலாம். நான் பழகிய வேறு எந்த ஷெல்லிலும் இவ்வளவு வசதி இல்லை.

ஆனால் எல்லாமே கேட்டால்தான் கிடைக்கும். 2006இல் வந்த முதல் பதிப்பில் ஸ்கிரிப்ட் ஃபங்ஷனுக்கு இந்த வசதிகள் இல்லை. 2009இல் இரண்டாம் பதிப்போடுதான் வந்தன. பழைய ஸ்கிரிப்ட் உடையக்கூடாது என்பதற்காகப் பழைய தளர்வே இன்றும் இயல்பு நிலையாக இருக்கிறது. காரணம் புரிகிறது. ஆனால் அந்தத் தளர்வுக்கு விலை கொடுப்பது புதிதாக எழுத வருபவர்தான்.

ஒரு எச்சரிக்கை: மேண்டேட்டரி மதிப்பு வராவிட்டால் பவர்ஷெல் கேள்வி கேட்டுக் காத்திருக்கும். ராத்திரி ஓடும் டாஸ்க்கில் பதில் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். அங்கே நான்இன்டராக்டிவ் என்ற ஸ்விட்ச்சோடு ஓட்டுங்கள். காத்திருக்காமல் பிழையோடு நின்றுவிடும்.

இப்போதெல்லாம் எதையாவது அழிக்கும் ஸ்கிரிப்ட்டில் நான் விருப்பப் பேராமீட்டரே வைப்பதில்லை. எத்தனை நாள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லியாக வேண்டும். கை வலித்தால் வலிக்கட்டும்.