மலையக இலக்கியத்தில் ஞாயிறும் நாளும்

மலையக இலக்கியத்திற் காலைப்பொழுது பெறும் இடத்தை இயற்கை வருணனை எனக் கூறி அமைவது நமது திறனாய்விற் பெருவழக்காகிவிட்டது. இக்கருத்து மறுபரிசீலனைக்குரியது என்பதே நமது துணிபு.

பழைய மரபில் வானம் அறிவுக்குரிய பொருளாகவும் இருந்தது. ஞாயிற்றின் செலவையும் விரைவையும் நேரிற் சென்று அளந்தவர்போலக் கூறுவோர் உளர் என்கிறார் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் (புறம். 30). தேயிலைத் தோட்டத்திலோ அவ்வானம் கூலிக்கணக்கிற்குரிய பொருளாயிற்று.

ஞாயிறு எழுவதில்லை, புவி சுழல்வதாற் கிழக்கு அடிவானமே அதன்முன் தாழ்கிறது. ஊவாவின் பூனாகலை ஏறத்தாழ ஏழு பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. எனவே, அங்கு ஆண்டின் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் ஒரு மணித்தியால வேறுபாடுகூட இல்லை. ஆண்டு முழுதும் மாறா வேலைநாளுக்கு இது வாய்ப்பாயிற்று. அந்நாளைத் தொழிலாளர் 'பேர்' என்றனர். கொழுந்தின் எடை குறைந்தால் 'அரைப்பேர்'. புவி அரைச்சுற்றோடு நிற்பதில்லை. முழுநாள் உழைப்பை அரையாக்கியது செக்ரோலே.

சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதையில் விடியல் தப்பொலியோடு தொடங்குவதை இப்பின்னணியிலேயே நோக்கல் வேண்டும். பறவையொலி அன்று, பெரட்டுக்கு அழைக்கும் தப்பே அங்குப் பொழுதை விடிவிக்கிறது.

பருவமும் இவ்வாறே. புவியச்சின் 23.4 பாகைச் சாய்வு பருவக்காற்றுகளின் திசைமாற்றத்திற்கு அடிப்படையாகும். தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவுகளில் மழையை இழந்து ஊவாவிற்கு வறண்டு வருகிறது. ஜூலை முதற் செப்டெம்பர் வரை கொழுந்து மெல்ல வளர, நறுமணம் செறிகிறது. கொழும்பு ஏலத்தில் அதற்குத் தனி மதிப்பு. ஆயின் கொய்பவளின் கூடையில் எடை குறைகிறது. ஒரே காற்று ஒரு சாராருக்கு இலாபம், மறுசாராருக்கு அரைப்பேர். 'மலைக்காற்று' எனும் சொல்லை அழகுணர்ச்சியோடு மாத்திரம் அணுகுவோர் இம்முரண்பாட்டைத் தவறவிடுகின்றனர்.

எனினும் வானத்தை ஒடுக்குமுறையின் குறியீடாக மாத்திரம் சுருக்குவதும் வரட்டுவாதமேயாகும். மாசி வளர்பிறையில் நிகழும் காமன்கூத்து இதற்குச் சான்று. பகலவனைக் கணக்கப்பிள்ளையின் ஏட்டுக்கு இழந்த மக்கள், பிறையைத் தமக்கென வைத்துக்கொண்டனர். செக்ரோலில் ஏறாத அந்த இரவுகளிலேதான் கூட்டுவாழ்வு தன்னைக் காத்துக்கொண்டது.

ஆகவே, ஒரு பாடலை வருணனை என வகுக்குமுன், அதிலுள்ள பொழுது யாருடையது என வினவுதல் திறனாய்வாளர் கடனாகும்.