சமநிலைக்காகக் காய் குறைத்தல்: டிங் – குகேஷ் பதினான்காம் ஆட்டம்

வெள்ளைக் காய்களுடன் ஆடுபவர் வெற்றியைத் தேடாது, காய்களை ஒன்றுக்கொன்றாக வெட்டிக்கொடுத்துச் சமநிலைக்கு இறங்கிவிடும் வழக்கம் உயர்நிலைச் சதுரங்கத்தில் நம்பகமான தற்காப்பாகக் கருதப்படுகின்றது. 2024 டிசெம்பர் 12 அன்று சிங்கப்பூரில், வெள்ளைக் காய்களுடன் ஆடிய அப்போதைய உலகச் சம்பியன் டிங் லிரெனும் சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயதுக் குகேஷும் மோதிய உலகச் சம்பியன் பட்டப் போட்டியின் இறுதி ஆட்டம், அவ்வழக்கத்தின் நியாயத்தையும் அதில் மறைந்துள்ள ஆபத்தையும் ஒருசேரக் காட்டியது.

புள்ளிகள் 6.5க்கு 6.5 என நின்றமையால், சமநிலை கிடைத்தாலே போட்டி மறுநாளைய விரைவு ஆட்டங்களுக்குச் சென்றுவிடும் என்பதும், அவற்றில் டிங்கின் கையே ஓங்கும் எனப் பரவலாகக் கருதப்பட்டதும் அவருடைய கணக்குக்கு வலுச்சேர்த்தன. 29ஆம் நகர்வில் அவர் ஒரு காலாளைத் துறந்து அரசிகளை மாற்றிக்கொண்டார். அதன்பின் இரு தரப்பிலும் ஒரு கோட்டையும், மூலைவிட்டத்தில் மட்டும் நகரும் ஓர் அமைச்சருமே காலாட்களோடு எஞ்சின. கோட்பாட்டின்படி அது காப்பாற்றக்கூடிய நிலைதான். அதே போட்டியின் ஏழாம் ஆட்டத்தில் 72 நகர்வுகள் தாக்குப்பிடித்தவருக்கு இது கடினமாகவும் தோன்றியிராது.

ஆனால் சமநிலை என்ற தீர்ப்பு பலகைக்கு உரியது, ஆடுபவருக்கு உரியதன்று. காலாள் ஒன்று மிகையாக வைத்திருந்த குகேஷ் இழப்பு அச்சமின்றி எத்தனை நகர்வுகளும் ஆடலாம். டிங்கோ ஒவ்வொரு நகர்விலும் தவறாதிருக்க வேண்டும். 53ஆம் நகர்வில் அவருடைய அமைச்சர் பலகையின் மூலையில் ஒதுங்கியது. அதுவே தவறன்று, எனினும் 55ஆம் நகர்வில் கோட்டையை மாற்றிக்கொள்ள முன்வந்தபோது, குகேஷ் அம்மாற்றத்தை ஏற்று, அதே மூலைவிட்டத்தில் தம் அமைச்சரை நிறுத்த, ஒரே கோட்டில் அடைபட்டிருந்த டிங்கின் அமைச்சர் மாற்றத்திலிருந்து தப்ப இயலாது போயிற்று. எஞ்சிய அரசர்–காலாள் ஆட்டத்தில் இரண்டுக்கு ஒன்று என்பது தெளிவான தோல்வி. 58ஆம் நகர்வோடு டிங் விலகினார்.

முன்னாள் சம்பியன் கிராம்னிக் உள்ளிட்டோர் இம்முடிவைச் சிறுபிள்ளைத்தனமான பிழையாகக் கண்டித்தமை பிழையின் அளவைப் பொறுத்தவரை சரியே. ஆயினும் காய் மாற்றத்தையே மருந்தாகக் கொண்டு வந்தவரின் கை, களைத்த வேளையிலும் மற்றொரு மாற்றத்தையே நாடியது என்பதால், 55ஆம் நகர்வை 29ஆம் நகர்விலிருந்து பிரித்து எடைபோடுவது முழுமையான திறனாய்வாகாது. குகேஷின் ஆட்டத்திலும் அற்புதமான சூழ்ச்சி எதுவும் இல்லை. எதிராளி விரும்பிய சமநிலையை ஏற்க மறுத்து ஆடிக்கொண்டேயிருந்தார், ஆறாம் ஆட்டத்திலும் நகர்வுகளை மீளச்செய்து முடிக்க மறுத்தவர் அவரே.